வீடியோ காலில் தெரியாத கால்

டிஸ்கியை முதலிலேயே போட்டு விடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். குதிகால் வலியில் கொஞ்சம் காசையும், அதைவிடப் பெரிதாக வேறொன்றையும் இழக்கப் பார்த்தவன். அந்த அனுபவத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டாகியிருக்கிறது. என்னைப் போல் ஊரை விட்டு வந்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்கு அது உபயோகப்படும் என்று நினைப்பதால் இந்தப் பதிவு.

நான் லக்னோவுக்கு மாற்றலாகி வந்த முதல் குளிர்காலம். 2024 ஜனவரி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் வலது குதிகாலில் ஆணி அடித்த மாதிரி ஒரு வலி. நாலு அடி நொண்டினால் குறைந்து விடும். ஆபீசில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விட்டு எழுந்தால் மறுபடியும் ஆணி. நம் ஊரில் இதற்குக் குதிகால் வாதம் என்று பேர். டாக்டர்கள் பிளான்டார் ஃபேஸியைடிஸ் என்கிறார்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் பட்டையான தசைநாருக்கு வரும் கோளாறு. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் வருமாம். உடம்பு எடை போட்டவர்கள், வெகுநேரம் நிற்பவர்கள் முன்வரிசையில். நான் எல்லாத் தகுதியும் உள்ள விண்ணப்பதாரர் :-)

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கமணியோடும் பையனோடும் மாலுக்குப் போனபோது அந்தக் கடையைப் பார்த்தேன். வாசலிலேயே ஒரு மிஷின். அதன் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால், எதிரில் திரையில் நம் பாதம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ண வண்ணமாக வரும். என் குதிகால் செக்கச் செவேலென்று வந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட பையன் ஒருவன் இந்தியில் பொறுமையாக விளக்கினான். "சார், உங்க முழு வெயிட்டும் இங்கதான் விழுது. இப்ப கவனிக்கலேன்னா அடுத்து முட்டி, அதுக்கப்புறம் இடுப்பு. உங்க காலுக்கென்றே அளவெடுத்து இன்சோல் பண்ணித் தரோம். பதினாலாயிரத்து ஐந்நூறு. இன்னிக்கு புக் பண்ணா ஆயிரம் டிஸ்கவுண்ட்."

கட்டினேன். இதற்குப் பெயர்தான் சொந்தச் செலவில் சூனியம்.

பில் போட்டுக் கொண்டிருக்கும்போது என் பையன் விளையாட்டாக அந்த மிஷின் மேல் ஏறி நின்றான். பதினோரு வயசு, ஓட்டைக்குச்சி உடம்பு, ஒரு வலியும் கிடையாது. அவன் குதிகாலும் சிவப்பு! நிற்கும்போது எடை குதிகாலில் விழாமல் வேறு எங்கே விழும்? தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் இந்தப் பதிவுக்கு வயது வரம்பு போட வேண்டியிருக்கும்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டும். 2007, 2008ல் நான் தமிழ்நாட்டில் ஒரு சிறிய ஊர்க் கிளையில் இருந்தேன். யூலிப் விற்கச் சொல்லி மேலிடத்திலிருந்து டார்கெட் கொடுத்திருந்த காலம். ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் எஃப்.டி. புதுப்பிக்க வருவார். அவரிடம் ஒரு கலர் சார்ட்டைக் காட்டுவோம். கோடு மேலே மேலே போகும். "இப்ப எடுக்கலேன்னா பேத்தி கல்யாணத்துக்கு என்ன சார் செய்வீங்க?" என்று கேட்போம். முதல் வருஷப் பிரீமியத்தில் எவ்வளவு கட்டணமாகப் போகும் என்பதைச் சின்ன எழுத்தில் இருக்கிற இடத்திலேயே விட்டு விடுவோம். 2010 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ. கட்டணங்களுக்கு உச்சவரம்பு வைத்த பிறகுதான் அந்த ஆட்டம் அடங்கியது. அந்த வெள்ளைக் கோட்டுப் பையன் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புதுசில்லை. கலர் படம், கொஞ்சம் பயம், "உங்களுக்கென்றே" என்ற ஒரு சொல், இன்றைக்கு மட்டும் தள்ளுபடி. நான் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் என்னிடம் கேட்காத கேள்விகளைச் சொல்கிறேன். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை. வெறுங்காலோடு நடந்து காட்டச் சொல்லவில்லை. என் பழைய ஷூவைத் திருப்பி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. கெண்டைக்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கே.ஒய்.சி. இல்லாமல் கணக்கு திறந்த கதை.

இன்சோல் வந்தது. போட்டேன். வலி கொஞ்சம் குறைந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நிஜமாகவே நல்லது செய்தவர் அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி நான் போய்ப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மாள். அவர் சொன்னது இவ்வளவுதான். கட்டிலை விட்டு இறங்கும் முன் கால் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பத்து பத்து விநாடி பிடி. சுவரில் கையை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டு. வீட்டுக்குள் குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடக்காதே. கடையில் எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரெடிமேட் இன்சோலே உனக்குப் போதுமே, யார் இதைச் செய்யச் சொன்னார்கள்? ஙே என்று விழித்தேன்.

பேங்க் புத்தி, சும்மா இருக்குமா? இந்தப் பதினாலாயிரத்துக்கு என்ன ஆதாரம் என்று தேடிப் படித்தேன். 2006ல் ஆஸ்திரேலியாவில் குதிகால் வலிக்காரர்கள் 135 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்குப் பேருக்கு ஒரு மெல்லிய நுரை அட்டை, ஒரு குழுவுக்கு ரெடிமேட், ஒரு குழுவுக்கு அளவெடுத்துச் செய்தது. மூன்று மாதத்தில் ரெடிமேடும் அளவெடுத்ததும் நுரை அட்டையைவிடக் கொஞ்சம் மேல். தங்களுக்குள் வித்தியாசம் இல்லை. ஒரு வருஷத்தில் மூன்று குழுவும் கிட்டத்தட்ட ஒரே நிலை. 2018ல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும், குதிகால் வலிக்கு அளவெடுத்தது ரெடிமேடைவிடச் சிறந்தது என்று காட்ட முடியவில்லை என்றுதான் சொன்னார்கள். 2014ல் டென்மார்க்கில், விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கும் பயிற்சியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தவர்கள், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். துண்டு எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் ஏமாந்த கதை. என் கருத்துக்குக் காரணம் அடுத்து நடந்தது.

அப்பா, அம்மா மாயவரத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபத்து மூன்று. இருபது வருஷமாகச் சர்க்கரை. வாராவாரம் ஞாயிறு காலையில் வீடியோ கால். என் குதிகால் புராணத்தை அவர்களிடம் ஒரு வாரம் விடாமல் பாடினேன். பிப்ரவரியில் ஒரு நாள் அப்பா சொன்னார். "உனக்காவது வலிக்குதுடா. எனக்கு ஒண்ணும் வலிக்கல. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு. நேத்து கடைத்தெருவுல செருப்பு கழண்டு விழுந்திருக்கு, நான் பாட்டுக்கு நடந்து போயிருக்கேன். பூக்காரம்மாதான் கூப்பிட்டுக் குடுத்தா."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

வலியே இல்லாத காலுக்கு வைத்தியம் என்ன செய்வது? மதமதப்பு என்று அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் செய்தாள். செங்கல்லைச் சூடு பண்ணி, அதன் மேல் எருக்க இலையை வைத்து, பாதத்தை அழுத்திக்கொள்வது. நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து இருப்பதுதான். சூடு தெரிகிற காலில் சுட்டால் காலை எடுத்து விடுவோம். அப்பா எடுக்கவில்லை. அவருக்குச் சுடவே இல்லை. உள்ளங்காலில் கொப்புளம் வந்து, உடைந்து, அது புண்ணாகி, அதோடேயே ஹவாய் செருப்பைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்து கொண்டிருந்திருக்கிறார். அது மார்ச். எனக்கு இயர் எண்டிங். "குளோசிங் முடியட்டும், பிள்ளையைக் கவலைப்படுத்த வேணாம்" என்று என்னிடம் சொல்லவில்லை. ஏப்ரல் மூன்றாம் தேதி அம்மா போன் பண்ணி, "கால் வீங்கியிருக்கு, ஒரு மாதிரி வாடை வருது" என்றாள்.

ரயிலுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. விமானத்தில் சென்னை போய் அங்கிருந்து கார். மறுநாள் தஞ்சாவூரில் சர்க்கரை நோய் மருத்துவர் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் புண்ணைப் பார்த்துவிட்டு, நல்ல காலையும் நீட்டச் சொன்னார். மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் இழை. பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்து விடும். "ஐயா, கண்ணை மூடிக்குங்க. தொட்டா சொல்லுங்க" என்றார். பாதத்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். அப்பா வாயே திறக்கவில்லை. தொட்டு முடித்து டாக்டர் இழையைக் கீழே வைத்து விட்டார். அப்பா கண்ணை மூடியபடியே கேட்டார்: "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க டாக்டர்?"

என் கையில் என் ஷூ இருந்தது. அதற்குள் பதினாலாயிரம் ரூபாய் இன்சோல் இருந்தது.

அப்பாவின் கால் பிழைத்தது. கிருமித் தொற்று எலும்பு வரை போகவில்லை, ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். தொற்று அடங்கிய பிறகு, அழுத்தம் புண்ணின் மேல் விழாதபடி மாவுக்கட்டு மாதிரி ஒன்று போட்டார்கள். ஆற இரண்டு மாதம் ஆனது. பிறகு அவர் பாதத்தை அளவெடுத்து எம்.சி.ஆர். செருப்பு செய்தார்கள். 3,200 ரூபாய். என்னுடையதில் கால் பங்குகூட இல்லை.

இந்த எம்.சி.ஆர். சமாச்சாரம் நம் ஊர் சமாச்சாரம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மைக்ரோ செல்லுலர் ரப்பர். நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்த மெத்தென்ற ரப்பர். பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் கால் விரல்களும் பாதமும் சிதைவது நோய் சதையை அரிப்பதால் என்று உலகம் நினைத்துக் கொண்டிருந்தது. உணர்ச்சி போய்விட்டதால், தெரியாமல் படும் காயத்தாலும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தாலும்தான் அது நடக்கிறது என்று அவரும் அவருடைய சகாக்களும் வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் வேலை செய்து காட்டினார்கள். அந்தக் கால்களுக்காக உருவானதுதான் இந்த ரப்பர் செருப்பு. பிராண்ட் 1966ல் அமெரிக்கா போய் அங்கேயும் இந்த வேலையைத் தொடர்ந்தார். வலி என்பது ஒரு வரம் என்பது அவருடைய வாழ்நாள் கட்சி. சர்க்கரையால் மரத்துப் போன காலுக்கும் அதே கணக்குதான். சென்னையில் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2004ல் வெளியான ஓர் ஆய்வும், இப்படிப்பட்ட விசேஷச் செருப்பு போட்டவர்களுக்குப் புதிதாகப் புண் வருவது குறைவு என்று கண்டது.

இனி என் கருத்து. நாம் அளவெடுத்துச் செய்யும் காலணிக்குக் காசைத் தப்பான காலில் செலவு செய்கிறோம். வலிக்கிற கால் கத்துகிறது, அதனால் அதற்கு மால், மிஷின், கிரெடிட் கார்டு எல்லாம் வருகிறது. அதில் பெரும்பாலானவற்றுக்கு ரெடிமேடும், துண்டும், ஒரு வருஷப் பொறுமையும் போதும். மரத்துப் போன கால் கத்தாது. அதற்குத்தான் அளவெடுத்த செருப்பு வேண்டும். அந்தக் கால் ஊரில், ஹவாய் செருப்பில் இருக்கிறது. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி. அந்தக் கோடிகளில் நம் வீட்டுப் பெரியவர்களும் அடக்கம்.

எல்லா ஆர்தோடிக்கும் ஏமாற்று என்று ஜல்லியடிக்க வரவில்லை. பாதத்தின் வளைவு மிக உயரமாக இருந்து வலிப்பவர்கள், ருமட்டாய்டு மூட்டுவாதம் பாதத்தைத் தாக்கியவர்கள், ஒரு கால் குட்டையானவர்கள், விரல் எடுக்கப்பட்டவர்கள், உணர்ச்சி இழந்தவர்கள், இவர்களுக்கு அளவெடுத்துச் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. அதைச் செய்பவருக்கு பிராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்தோடிக்ஸ் என்று தனிப் படிப்பு உண்டு. 1992ஆம் வருஷச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். வங்கியில் நாங்கள் உங்களிடம் பான் நம்பர் கேட்பதில்லையா? ஊரில் இருப்பவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவத் துறை, சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் போன்றவை இருக்கின்றன. மாலுக்குப் போக வேண்டியதில்லை.

"ஷூவே பாதி வியாதி" என்று அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாள் சொன்னதும் யோசிக்க வேண்டியதுதான். நாம் வாங்குவதெல்லாம் பிரிட்டிஷ் அளவு. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021-22ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்தது. நம் பாதம் பொதுவாக அகலம் அதிகம் என்று தெரிந்தது. அகலம் போதாமல் நீளத்தைக் கூட்டி வாங்கி, உள்ளே கால் வழுக்கிக்கொண்டு நடக்கிறோம்.

பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால், தள்ளியிருந்தபடியே செய்யக் கூடியவை இவை. எனக்கு இரண்டு மாத மருத்துவமனை அலைச்சல் கற்றுக் கொடுத்தது.

ஒன்று: வருஷத்துக்கு ஒரு முறையாவது மோனோஃபிலமென்ட் பரிசோதனை. ரத்தப் பரிசோதனைக்கு நூறு முறை போகிறவர்கள் இதற்கு ஒரு முறைகூடப் போயிருக்க மாட்டார்கள். சர்க்கரை டாக்டர் காலைப் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை உள்ளே போகும்போதே செருப்பைக் கழற்றி, காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள்.

இரண்டு: உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் வெந்நீர், செங்கல், ஹாட் பேக் எல்லாவற்றுக்கும் தடை. ஆணிக்கல்லுக்குப் பிளேடு கூடவே கூடாது.

மூன்று: வீட்டுக்குள்ளும் செருப்பு. இது நம் ஆட்களிடம் கஷ்டம். அம்மா பூஜை அறை, சமையலறை என்று ஆயிரம் சொன்னாள். உள்ளே போட மட்டும் தனியாக ஒரு ஜோடி என்று சமாதானம் ஆனது. அப்பா கோயில் பிரகாரம் சுற்றுவதைக் காலை ஏழு மணிக்குள் வைத்துக் கொண்டார், கல் சுடுவதற்கு முன்.

நான்கு: ஹவாய் வேண்டாம். கழன்று விழுந்தாலும் தெரியாது, வார் விரலிடுக்கில் அறுத்தாலும் தெரியாது. பின்பக்கம் பட்டை உள்ளது, ஆணி அடிக்காமல் ஒட்டியது, பாதத்தைவிட ஒன்று இரண்டு சென்டிமீட்டர் நீளம் கூடுதலானது. போடுமுன் கையை விட்டு, உள்ளே கல் கில் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது.

ஐந்து: தினமும் ராத்திரி யாராவது ஒருவர் உள்ளங்காலைப் பார்ப்பது. இப்போது அம்மா டார்ச் அடித்துப் பார்க்கிறாள். விரலிடுக்குகூட விடுவதில்லை.

"ஏங்க, இத்தனை வருஷமா வாராவாரம் பேசறோம். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டிருக்கோம். ஒரு தடவையாவது காலைக் காட்டச் சொன்னோமா?" என்று தங்கமணி கேட்டாள். சொல்லவில்லை. வீடியோ கால் என்று பேர்தான். அதில் தெரிவது நெற்றியும் மின்விசிறியும்.

இப்போது ஞாயிறு காலையில் முதல் ஐந்து நிமிடம் கால் பார்க்கும் நேரம். அப்பா சலித்துக்கொண்டே போனைக் கீழே இறக்குகிறார். அம்மா அவர் பாதத்தைத் திருப்பிக் காட்டுகிறாள். என் பையன்தான் இந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர். "தாத்தா, கட்டை விரலுக்குக் கீழ, இன்னும் கொஞ்சம் வெளிச்சம்" என்கிறான். பழைய புண் இருந்த இடத்தில் ஒரு வெளுத்த தழும்பு இருக்கிறது. அது அப்படியே இருந்தால் மற்ற பேச்சு ஆரம்பம்.

என் குதிகால் வலி நவம்பர் வாக்கில் போய்விட்டது. அந்த இன்சோல் இன்னும் ஷூவில் இருக்கிறது. பதினாலாயிரம் கொடுத்ததைத் தூக்கியெறிய மனசு வரவில்லை, என்ன செய்ய.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்று சொன்னால், தயவு செய்து சிரிக்காதீர்கள். அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே கூப்பிட்டுக் காலைக் காட்டச் சொல்லுங்கள்.